ரெண்டாவது மாடி இன்சார்ஜ்

உக்காருங்கக்கா. கஸ்டமர் ஸ்டூலுதான், தைரியமா உக்காருங்க. உங்க மாமியா இப்போதைக்குச் சேலை எடுக்க மாட்டாங்க. முகத்தைப் பாத்தாலே தெரியுதே, பாதிக் கடைய இறக்கிப் போட்டாத்தான் அவங்களுக்கு மனசு ஆறும். இறக்கட்டும், அதுக்குத்தான அமலோ நிக்கிறா. ஏ அமலோ! அந்த மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் வந்துச்சே, அதை எடுத்து அத்தைக்கு விரிச்சுக் காட்டுடி. காட்டுவா, காட்டுவா. நம்ம பேசிக்கிட்டு இருப்போம்.

நான் யாருன்னு தெரியுதா? இந்தா, பேட்ஜைப் பாருங்க. பஞ்சவர்ணம். பேருக்குக் கீழ என்ன போட்டிருக்கு? ஃப்ளோர் இன்சார்ஜ். படிச்சிட்டீங்கள்ல? இன்னொருக்கா வேணும்னாலும் படிங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு தினமும் காலையில படிச்சுட்டுத்தான் ஆட்டோவை எடுக்குறாரு.

இந்தச் சேரைப் பாத்தீங்களா? சுத்துற சேரு. ஒரு சுத்து சுத்திக் காட்டவா? இந்தா... எப்புடி! நிப்பாட்டுனாலும் தலை மட்டும் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே கெடக்கும். டாக்டரம்மா சுத்தாதம்மா, மயக்கம் வரும்னாங்க. வரட்டுமே! இந்த மயக்கம் வரணும்னுதான நான் அம்புட்டுப் பாடு பட்டேன்.

சிரிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாது. இந்த மாடியில சேருன்னு இருக்கறது இது ஒண்ணுதான். கீழ பட்டு செக்ஷன் பாத்திருப்பீங்க. அங்க மெத்தை விரிச்சு, வெள்ளை வேட்டி விரிச்சு, ஆம்பளைங்க சம்மணம் போட்டு உக்காந்து விப்பாங்க. பட்டுன்னா மரியாதையாம். இங்க ஃபேன்ஸி, காட்டன், சிந்தெடிக், பூராம் பொம்பளைங்க, பூராம் நின்னுக்கிட்டு. காலையில ஷட்டரைத் தூக்குனா ராத்திரி இறக்குற வரைக்கும் நிக்கணும். ஆளு இல்லாத நேரத்துலயும் நிக்கணும். ரேக்குல சாயக் கூடாது, கேமரா இருக்கு. சாயங்காலம் ஆச்சுன்னா காலு என்னுதா ரேக்குதான்னு தெரியாது. நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கும். வீட்டுக்குப் போய் வாசல்படியிலயே உக்காந்துருவேன், உள்ள போகத் தெம்பு இருக்காது. எங்க வீட்டுக்காரரு சோத்துத் தட்டை வாசலுக்கே கொண்டாந்து குடுப்பாரு.

சட்டமா? இருக்குங்கிறேன்! கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டமே போட்டாங்கள்ல. எங்களுக்கும் ஸ்டூல் வந்துச்சு. ஆபீசர் பாக்க வந்த அன்னிக்கு வரிசையா உக்காந்து போட்டோ கூட எடுத்துக்கிட்டோம். மறுநாள் பாத்தா ஸ்டூலு மேல பிளவுஸ் பிட் பெட்டி ஏறிக்கிடுச்சு. பிளவுஸ் பிட்டுக்குக் கால் வலிக்கும்ல, பாவம்.

என்ன அத்தை, மாம்பழக் கலரு வேணாமா? வயசானவங்களுக்கு அடிக்குமா? யாரு வயசானவங்க, நீங்களா? அமலோ, அத்தைக்கு வெங்காயக் கலரு காட்டு. காட்டன்ல.

ஆங், சேரு. சேருக்கு வருவோம். முன்னாடி இதுல சுந்தரராசு அண்ணாச்சி உக்காந்திருந்தாரு. அவரு தனியா கடை போடுறேன்னு தேனிக்குப் போயிட்டாரு. சேரு காலியாக் கெடந்துச்சு. யாரும் உக்காரக் கூடாதுன்னு மேனேஜர் அதுமேல ஒரு துண்டைப் போட்டு வச்சுட்டாரு. அக்கா, நாங்க எல்லாம் அந்தத் துண்டையே பாத்துக்கிட்டு நின்னோம். கஸ்டமருக்குச் சேலை விரிக்கும்போதும் ஒரு கண்ணு துண்டு மேலதான். அடுத்து யாருன்னு பேச்சு கிளம்பிடுச்சு. ஒண்ணு நானு, இல்லாட்டி அந்தா நிக்கிறாளே அமலோற்பவ மேரி, அவ. எனக்கு ஒரு வருசம் முன்னாடி சேந்தவ. நல்ல பிள்ளை. ஆனா பேச வராது. வாயத் தொறந்தா காசு கேப்பாங்கன்னு நினைக்கிற ஜாதி. இன்சார்ஜுன்னா வாய் வேணும்ல? எனக்கு வாய் இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

அந்த நேரம் பாத்து முதலாளி மெட்ராசுலருந்து ட்ரெய்னரைக் கூட்டியாந்தாரு. பேரு பிரசன்னா. சின்னப் பையன்தான், நம்ம ஊரு வெயில்ல கோட்டு, டை, ஷூவு, பாக்கவே பாவமா இருக்கும். கடை திறக்கறதுக்கு முன்னாடி எங்க எல்லாரையும் கீழ வரிசையா நிப்பாட்டி, வாழ்க்கையில எப்படி முன்னேறுறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. முன்னேறுறதையும் நின்னுக்கிட்டேதான் கேட்டோம்.

கண்ணை மூடுங்க, அஞ்சு வருசம் கழிச்சு நீங்க எங்க இருக்கீங்கன்னு பாருங்கன்னாரு. கண்ணை மூடச் சொன்னதுதான் தாமசம், பாதிப் பேரு நின்னமேனிக்கே தூங்கிட்டாளுக. எனக்குத் தூக்கம் வரல. அக்கா, சத்தியமா சொல்றேன், என்னைய யாரும் அப்புடிக் கேட்டதே இல்ல. நீ எங்க இருக்கணும்னு நினைக்கிறன்னு எங்க அப்பா கேட்டது இல்ல, கட்டுனவரு கேட்டது இல்ல, சாமி கூடக் கேட்டது இல்ல. கோயிலுக்குப் போனா நம்மளா சொல்லணும், அதுவும் பிள்ளைக்கு, குட்டிக்குன்னு சொல்லிட்டு வந்துருவோம். கோட்டு போட்ட ஒரு பையன் கேக்குறான், உனக்கு என்ன வேணும்னு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கண்ணுக்குள்ள பாத்தா, இந்தச் சேரு! துண்டு இல்ல, நான் உக்காந்திருக்கேன்!

யாராச்சும் சொல்றீங்களான்னாரு. நான் கையத் தூக்கிட்டேன். சார், ரெண்டாவது மாடி இன்சார்ஜ் சேர்ல இருக்கேன் சார்னு கத்திட்டேன். எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாளுக. அவரு மட்டும் கைதட்டுனாரு. இவங்களுக்கு கோல் இருக்கு, லட்சியம் இருக்கு, உங்களுக்கெல்லாம் என்ன இருக்குன்னு மத்தவளுகளப் பாத்துக் கேட்டாரு. அமலோவைக் கேட்டாரு, நீங்கம்மான்னு. அவ தரையப் பாத்துக்கிட்டு, ஒண்ணும் இல்ல சார், கர்த்தர் பாத்துக்குவாருன்னா. அவருக்கு முகமே செத்துப் போச்சு. கர்த்தரு பாப்பாரும்மா, நீங்களும் கொஞ்சம் பாக்கணும்ல அப்படின்னாரு. நானும் சிரிச்சேன், ஏன் பொய் சொல்லணும்.

அவரு சொன்னதுல முக்கியமானது என்னன்னா, கோல் நடந்துருச்சுன்னே நினைக்கணும். நடக்கணும்னு நினைக்கக் கூடாது. நடந்துருச்சுன்னு நினைச்சு, நடந்துருச்சுன்னு பேசி, நடந்துருச்சுன்னே நடந்துக்கிட்டா, அது வேற வழி இல்லாம நடந்துரும். புரிஞ்சுதா? எனக்கு அப்பவே புரிஞ்சுச்சு.

அப்புறம் ஸ்கில்லு. சிரிச்ச முகம், கண்ணைப் பாத்துப் பேசுறது, சேலை எடுத்தா கூடவே பாவாடை, ஃபால்ஸு, பிளவுஸ் பிட்டுன்னு தள்ளி விடறது. நான் வீட்டுல கண்ணாடிக்கு முன்னாடி நின்னு பழகுனேன். வெல்கம் மேடம், வாட் இஸ் த அக்கேஷன். எங்க வீட்டுக்காரரு என்னமோ வியாதின்னு பயந்துட்டாரு. கடையில கஸ்டமரு கண்ணை விடாமப் பாத்தேன். ரெண்டு பேரு பயந்துக்கிட்டு வேற கவுண்டருக்குப் போயிட்டாங்க. ஒரு பெரியவரு கைலி எங்க இருக்குன்னு வழி கேக்க வந்தாரு. பாவாடையும் ஃபால்ஸும் கைல குடுத்து பில்லுக்கு அனுப்பிட்டேன். ஆத்தாடி, எனக்கே என்னைய நினைச்சா பயமாருந்துச்சு!

ஒரு நாளு ஒரு குடும்பமே வந்துச்சு. ஏழெட்டுப் பேரு. நான் முன்னாடி ஓடி, பல்லு பூராம் தெரிய, வெல்கம் மேடம், வாழ்த்துகள், என்ன விசேஷம், முகூர்த்தமா வளைகாப்பான்னு கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. என்னால சும்மா இருக்க முடியல, ட்ரெய்னிங்கு உள்ள கொதிக்குது. பக்கத்துல இருந்த பொண்ணு தோள்ல ரோஸ் கலரு சேலையத் தூக்கிப் போட்டு, மேடம், இந்த விசேஷத்துக்கு இதுதான் சூட் ஆகும், கூட்டத்துல நீங்கதான் தெரிவீங்கன்னேன். அந்தப் பொண்ணு ஓன்னு அழுதுருச்சு. அக்கா, அவங்க கோடி எடுக்க வந்தவங்க! அந்தப் பொண்ணோட அம்மா செத்து, பொணத்து மேல போத்துற கோடிச் சேலை எடுக்க வந்திருக்காங்க.

அமலோதான் எங்கருந்தோ வந்தா. என் இடுப்புல நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளி அந்தப் பக்கம் தள்ளிட்டு, அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டா. ஒண்ணுமே பேசல, சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறமாச் சேலைய எடுத்துக் குடுத்து, பில்லு போட்டு, மாடிப்படி வரைக்கும் கூடவே போய் விட்டுட்டு வந்தா. போகும்போது அந்தப் பொண்ணு அவளைக் கட்டிப் பிடிச்சுட்டுப் போச்சு. நான் சொன்னேன், பாத்தியா அமலோ, நான் ஆரம்பிச்சு வச்சேன், நீ முடிச்சு வச்ச, இதுக்குப் பேருதான் டீம் வொர்க்குன்னு. மொறைச்சா. அவளுக்கு இந்த மாதிரி வார்த்தையெல்லாம் பிடிபடாது.

அத்தை, அந்த வெங்காயக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கு. அமலோ, உன் தோள்ல போட்டுக் காட்டுடி. இப்பத் திரும்பு. பாருங்க அத்தை, முந்தி எப்புடி விழுகுது. வேணாமா? கரை சின்னதா? சரி சரி. அமலோ, மேல் தட்டுல இருக்கும் பாரு, ஏறி எடு.

எங்க விட்டேன்? ஆங், நடந்துருச்சுன்னே பேசணும். இதை யாருக்கிட்டப் பேசிப் பழகறது? கடையில பேசுனா அடிக்க வருவாளுக. வீட்டுக்குப் போனேன். வழக்கமா வாசல்படியில உக்காருவேன்ல, அன்னிக்கு உக்காரல. நேரா உள்ள போய், இடுப்புல கைய வச்சுக்கிட்டு, என்னங்க, நான் இன்சார்ஜ் ஆயிட்டேன் அப்படின்னேன். ட்ரெய்னர் சொன்ன மாதிரியே, துளி சந்தேகம் இல்லாத குரல்ல.

எங்க வீட்டுக்காரரு பேரு மொக்கச்சாமி. நம்ம கடைக்கு எதிர்த்தாப்புல ஆட்டோ ஸ்டாண்டு இருக்குல்ல, அதுலதான் இருக்காரு. எதைச் சொன்னாலும் நம்பிருவாரு, அவரு பிறவி அப்படி. சொன்னதும் கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சாரு. நெசமாவான்னாரு. நெசம்னேன். இனிமே உக்காந்துதானான்னாரு. உக்காந்துதான்னேன். அந்த மனுசன் குழந்தை மாதிரி அழுதுட்டாரு அக்கா. அழறவருக்கிட்டப் போய், இது ஸ்கில் டெவலப்மென்டு, இன்னும் நடக்கலன்னு எப்புடிச் சொல்றது? நீங்களா இருந்தா சொல்வீங்களா? நான் சொல்லல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு படுத்துட்டேன்.

மறுநாள் காலையில நான் பஸ்ஸை விட்டு இறங்குறேன், படபடபடன்னு சரவெடி. எந்தக் கட்சித் தலைவரு வர்றாருன்னு பாக்குறேன். ஸ்டாண்டு பூராம் என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க. நிமிந்து பாத்தா, கடை வாசலுக்கு நேர் எதிர்க்க, இம்புட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் பேனரு!

நானு! நட்டநடுவுல நானு! எங்க நாத்தனா மகளோட காதுகுத்துல எடுத்த போட்டோ. அதுல நாத்தனாவை வெட்டி எடுத்துட்டாங்க, ஆனா என் தோள் மேல போட்டிருந்த அவ கைய மட்டும் வெட்ட முடியல போல, அது அப்புடியே அந்தரத்துல தொங்குது. எனக்குப் பின்னாடி ஒரு புலி. ஏம்ப்பா புலின்னு கேட்டேன், டிசைன்லயே இருந்துச்சுக்கா, ஃப்ரீதான்னாங்க. ரெண்டாவது மாடியின் இன்சார்ஜாகப் பொறுப்பேற்கும் எங்கள் அன்பு அண்ணி பஞ்சவர்ணம் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்னு எழுதி, கீழ வரிசையா ஸ்டாண்டுல இருக்குற அம்புட்டுப் பேரு போட்டோவும். எல்லாரும் கூலிங் கிளாசு. எங்க வீட்டுக்காரரு மட்டும் போனைக் காதுல வச்சுக்கிட்டு யாருக்கோ பதில் சொல்ற மாதிரி போஸு குடுத்திருக்காரு. நேர்ல இந்த மனுசன் புதுச் சட்டை போட்டுக்கிட்டு, ரோட்டுல போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் லட்டு குடுத்துக்கிட்டு நிக்கிறாரு.

முதலாளி பாத்தா என் கதி என்ன? ஆனா பாருங்க, பயம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் சிரிப்பு. வயித்துக்குள்ளருந்து பொங்கிப் பொங்கி வருது. அம்புட்டுப் பெருசா என் மூஞ்சியை நான் எங்க பாத்திருக்கேன்! அழகாத்தான் இருக்கேன் அக்கா. சும்மா சொல்லக் கூடாது.

கஸ்டமருங்க வாழ்த்துச் சொல்லிட்டே மாடியேறி வர்றாங்க. பாத்திரக் கடை அண்ணாச்சி சாமந்தி மாலையோட வந்துட்டாரு. எங்க முதலாளியோட அம்மா, நாங்க பெரியம்மான்னு கூப்பிடுவோம், கோயிலுக்குப் போயிட்டுத் திரும்புனவங்க, காரை நிப்பாட்டி லட்டு வாங்கிச் சாப்பிட்டு, என் மகன் பொம்பளைப் பிள்ளைய முன்னுக்குக் கொண்டாந்துட்டான்னு சந்தோசமாப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் முதலாளி கார் வந்துச்சு. காரு நின்னுச்சு. ரொம்ப நேரம் கதவு திறக்கல.

கூப்பிட்டு விட்டாரு. ரூமுக்குள்ள போனேன். யாரும்மா உன்னைய இன்சார்ஜ் ஆக்குனதுன்னாரு. நான் என்ன சொல்ல? நான்தான் சார், ட்ரெய்னர் சார் சொன்ன மாதிரி நடந்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன் சார்னேன். நெத்தியில கைய வச்சுக்கிட்டாரு. கடை வாசல்ல வெடி வைக்கிறியா, நான் முடிவு பண்ணதுக்கு முன்னாடி நீ ஊருக்கு அறிவிப்பியா, நாளைக்கு இன்னொருத்தி மேனேஜர்னு பேனர் வைப்பா, இப்பவே கணக்கை முடிச்சு வீட்டுக்குப் போன்னு கத்துனாரு. எனக்கு உசுரே இல்ல. சேரு போனா போகட்டும், நிக்கிற இடமும் போச்சே! வெளிய ரோட்டுல அந்த மனுசன் லட்டு குடுத்துக்கிட்டு நிக்கிறாரு, அவருக்கு நான் என்ன சொல்வேன்? வெளிய நில்லுன்னாரு. நின்னேன்.

அந்த நேரத்துல அமலோவைக் கூப்பிட்டாரு. எதுக்கோ, ஏதாச்சும் சரக்கு விஷயமா இருக்கும். அவ உள்ள போனா. நான் பாத்தேன், சரி, இதுதான் கடைசி வாய்ப்புன்னு செவத்துப் பக்கம் திரும்பி நின்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். சேரு. துண்டு இல்லாத சேரு. நான் உக்காந்திருக்கேன். சுத்துறேன். நடந்துருச்சு, நடந்துருச்சு, நடந்துருச்சு. அப்புடி ஒரு விஷுவலைசேஷன் எந்தக் கம்பெனியிலயும் எவளும் பண்ணியிருக்க மாட்டா.

அமலோ வெளிய வந்தா. மூக்கு சிவந்திருந்துச்சு, அவளுக்கு ஏசி ஒத்துக்காது. போ, கூப்பிடுறாருன்னா. உள்ள போனேன். முதலாளி ஜன்னல் வழியா பேனரை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம், சரி, போய் உக்காரு. மொதல்ல அந்தப் புலியைக் கழட்டச் சொல்லு அப்படின்னாரு.

கேட்டீங்களா! போய் உக்காரு! வீட்டுக்குப் போன்னு சொன்ன வாயி, போய் உக்காருன்னு சொல்லுது! நான் மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாவி வந்தேன். துண்டைத் தூக்கி எறிஞ்சேன். உக்காந்தேன். அக்கா, அந்தச் சொகத்தை எப்புடிச் சொல்வேன்! உச்சந்தலையிலருந்து குதிகால் வரைக்கும் ஜில்லுன்னு இறங்குச்சு. சுத்துனேன், சுத்துனேன், சேலையெல்லாம் வானவில்லு மாதிரி சுத்துது, பிள்ளைக கைதட்டுறாளுக, அமலோதான் சேரைப் பிடிச்சு நிப்பாட்டுனா, விழுந்துறப் போறடின்னு.

இதுக்குப் பேருதான் அக்கா கோல். இதுக்குப் பேருதான் மனசோட பவரு. நம்ம உறுதியா நினைச்சா முதலாளி மனசையே மாத்தலாம். நான் இப்ப எல்லாத்துக்கிட்டயும் சொல்றேன், இவக்கிட்டயும் சொல்றேன், அமலோ, உனக்குன்னு ஒரு கோல் வச்சுக்கடி, வாழ்நாள் பூராம் நின்னுக்கிட்டேவா இருப்பன்னு. கேட்டாத்தான? சிரிச்சுட்டுச் சேலைய மடிக்கப் போயிருவா.

என்ன அக்கா? என்னமோ கேக்குறீங்க.

அவளா? எனக்காகவா? உள்ள போய் அவ பேசியிருப்பான்னா சொல்றீங்க? ஐயோ, சிரிப்புக் காட்டாதீங்க. அவளுக்குத்தான் பேசவே வராதே! கஸ்டமருக்கிட்டயே விலைய மட்டும் சொல்லிட்டு நிப்பா. முதலாளி முன்னாடி நின்னா இவ பேரே இவளுக்கு மறந்துரும். இருங்க, உங்களுக்குச் சந்தேகம்னா இப்பவே கேட்டுருவோம். அந்த அலமாரிக்கிட்டத்தான நிக்கிறா.

ஏ அமலோ! அன்னிக்கு முதலாளி ரூமுக்குள்ள கூப்பிட்டாருல்ல, பேனரு வச்ச அன்னிக்கு, என்னத்துக்குடி கூப்பிட்டாரு? ஏய், அக்கா கேக்குறாங்க, சொல்லு. ஒண்ணும் இல்லைன்னா என்ன அர்த்தம்? சேலைய அப்புறம் மடிக்கலாம், இங்க பாத்துச் சொல்லு.

உன்னையா?

உன்னைய இன்சார்ஜ் போடறதுக்கா கூப்பிட்டாரு?

முந்துன நாளே உன்கிட்டச் சொல்லிட்டாரா? அப்புறம் நீ என்னடி சொன்ன?

கேட்டீங்களாக்கா? எனக்கு வேணாம் சார், அவளுக்கே குடுத்துருங்கன்னு சொன்னாளாம். குடுக்க மாட்டேன், அவளை அனுப்பத்தான் போறேன்னாராம். அப்ப நானும் போறேன்னாளாம். இந்தப் பேசத் தெரியாதவ! ஏண்டி? ஏண்டி அப்புடிச் சொன்ன? உனக்குக் கால் இல்லையா? முட்டி வலிக்கு ராத்திரி பூராம் தைலம் தேய்க்கிறவதான நீ?

என்ன சொல்றா பாருங்க. பேனர்ல உன் மூஞ்சி அம்புட்டுப் பெருசா இருந்துச்சு, மொக்கச்சாமி அண்ணன் வேற ரோட்டுல லட்டு குடுத்துக்கிட்டு நின்னுச்சு, நான் போய் எப்புடிடி அந்தச் சேர்ல உக்கார்றதுங்கிறா. ரெண்டு லட்டு வேற தின்னுட்டேங்கிறா. சிரிக்கிறா! சிரிச்சுட்டு மறுபடியும் அந்த வெங்காயக் கலரை மடிக்கிறா.

இருங்க அக்கா, ஒரு நிமிசம். தண்ணி வேணும். இல்ல, வேணாம். கண்ணுல என்னமோ விழுந்துருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், அழுகைதான். இம்புட்டு நாளும் அவளைப் பாத்து கோல் வை, கோல் வைன்னு உக்காந்த இடத்துலருந்து சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அவளும் கேட்டுக்கிட்டு நின்னிருக்கா. எனக்கு அவளை அறையணும் போல இருக்கு. கட்டிப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தணும் போலவும் இருக்கு. ரெண்டும் சேந்து தலையே கிறுகிறுங்குது, இந்தச் சேர்ல சுத்துனப்பக் கூட இம்புட்டு இல்ல.

அமலோ, இங்க வா.

வாடிங்கிறேன். சேலைய வச்சுட்டு வா. நான் எந்திரிச்சுட்டேன். உக்காரு. கஸ்டமரு இருந்தா இருக்கட்டும், உக்காரு. கேமராவா? பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். உக்கார மாட்டியா? இந்தா, பேட்ஜைப் பாரு. யாரு நானு? இந்த மாடிக்கு யாருடி இன்சார்ஜ்? இன்சார்ஜ் சொல்றேன், உக்காரு! ஆங். அப்புடி. நல்லா சாஞ்சு உக்காரு. முட்டியை நீட்டு. எந்திரிச்சே, கொன்னுருவேன்.

மன்னிச்சுக்கங்க அத்தை, காக்க வச்சுட்டேன். கரை பெருசா வேணும்னீங்கள்ல? இருங்க, நானே மேல ஏறி எடுத்துத் தர்றேன்.